தேய்க்கத் தேவையில்லாத திரவமும் சாகத் தெரியாத கிருமியும்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஸ்லைடில் சாயம் போடுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. இல்லாததைப் பக்கத்து மேசைக்காரர் சொல்லித் தருவார். விருதுநகரில் ஒரு கண் மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில், நம் தொழிலில் மிக அதிகமாகப் புழங்கும் ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

"பேஷண்ட் சரியா ஃபாலோ பண்ணலை."

இதைவிடச் சக்தி வாய்ந்த மருந்தை நான் பார்த்ததில்லை. இதை எழுதிய மறுநிமிடம் டாக்டருக்குத் தலைவலி போய்விடும். மருந்து கம்பெனிக்கு வயிற்றுவலி போய்விடும். நோயாளிக்கு மட்டும் எதுவும் போகாது. ஆங்கிலத்தில் எழுதிவிடுவதால் பாதிப் பேர் மறுத்துப் பேசவும் மாட்டார்கள். பக்கவிளைவே இல்லாத மருந்து.

இந்த வாக்கியம் பொய் என்று சொல்ல வரவில்லை. பல தடவை உண்மைதான். சொட்டு மருந்தைக் காதில் விட்டவரை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் விசாரணை முடிந்தபின் எழுத வேண்டியதை விசாரணைக்குப் பதிலாக எழுதுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். முத்துமாரியின் கண்ணை அந்த வாக்கியம் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது.

முத்துமாரிக்கு ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் வேலை. ஒருநாள் பக்கத்தில் சிறியதாக ஒன்று பற்றிக்கொண்டது. பேப்பரில் செய்தியாக வரும் அளவுக்குப் பெரிய விபத்து இல்லை. ஒரு பெண்ணின் புருவத்தையும் இடது கண்ணையும் கருக்கும் அளவுக்கு மட்டும் பெரியது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம் பார்த்தார்கள். புண் ஆறியது. கருவிழி முழுக்க வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது.

கம்பெனி அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது, அந்த வெள்ளைக் கண் இல்லாமல் வந்தால். மருந்து செலுத்தும் நாளில் கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடிகூடத் தராத கம்பெனி, விபத்துக்குப் பின் கண்ணின் அழகில் இவ்வளவு அக்கறை காட்டியதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். உடனே உதவினோம். நடுவில் கறுப்பு வட்டமும் சுற்றிலும் பழுப்பு வளையமும் அச்சிட்ட மெல்லிய காண்டாக்ட் லென்ஸ் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தோம். காலையில் மாட்டிக்கொண்டால் கண் கண்ணாக இருக்கும். ராத்திரி கழற்றி, சின்ன டப்பாவில், கிருமியைக் கொல்லும் திரவத்தில் ஊறப் போட வேண்டும்.

அந்தத் திரவத்தைப் பஜாரில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் நூருதீன் பாயிடம் வாங்கினார். பாட்டிலின் முன்பக்கம் ஓர் அழகான பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் தலைக்கு மேல், நம் ஊர்க்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்று திரவத்தைத் தயாரித்த கம்பெனியே ஒட்டிய தமிழ் ஸ்டிக்கர்: 'தேய்க்கத் தேவையில்லை! ஊற வைத்தாலே போதும்!'

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது முத்துமாரி மறுபடி வந்தார். இடது கண் பழுத்த தக்காளிபோல இருந்தது. கருவிழியில் சீழ். கூட வந்தவர் அவருடைய அண்ணன் மனைவி பேச்சியம்மாள். அவரும் அதே ஆலைதான். லோடு ஏற்றுகிற நாளில் இரண்டு பேருக்கு லீவு கேட்டதற்கு வாங்கிய ஏச்சு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது.

எங்கள் கருவிழி டாக்டர் கெட்டிக்காரர். வெளிநாட்டில் படித்தவர். கை நடுங்காமல் தையல் போடுவார். அவர் முதலில் பார்த்தது கண்ணை அல்ல, விரல் நகங்களை. நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. பட்டாசுக்காரர்களுக்கு அது எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

"லென்ஸைக் குழாய்த் தண்ணியில கழுவுனீங்களா?"

"இல்ல சார். அந்தத் தண்ணியிலதான் போட்டு வைப்பேன். பாட்டில் தண்ணி."

"எச்சில் தொட்டு வச்சீங்களா?"

முத்துமாரி பதில் சொல்லும் முன் பேச்சியம்மாள் முந்திக்கொண்டார். "எச்சி தொட்டு ஒட்டுறதுக்கு அது என்ன தபால் தலையா சார்? புள்ளையத் தூக்குறதுக்கு முந்தி கைய கழுவுறாளோ இல்லையோ, அதத் தொடுறதுக்கு முந்தி சோப்புப் போட்டுக் கழுவுவா. வீட்டுல அம்புட்டுப் பேரும் சிரிப்போம்."

டாக்டர் கேட்டுக்கொண்டே நமது வாக்கியத்தை எழுதி முடித்தார். இந்த மாதிரிக் கண்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வீரியமான சொட்டு மருந்தை ஆரம்பித்தார். வார்டில் சேர்த்தார். புண்ணைச் சுரண்டி எனக்கு அனுப்பினார். அதுவரை எல்லாம் முறைப்படிதான்.

நான் லென்ஸ் டப்பாவையும் பாட்டிலையும் கேட்டு வாங்கினேன். டப்பாவைத் துவைத்த கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் முத்துமாரி. குழந்தைக்குத் தங்க அரைஞாண் வைப்பதுபோல மடித்திருந்தது.

கண்ணிலிருந்து ஒரு கிருமி வளர்ந்தது. டப்பாவிலிருந்தும் அதே கிருமி, கூட்டம் கூட்டமாக. பாட்டிலில் மிச்சமிருந்த திரவத்தில் ஒன்றுமில்லை. கிருமியின் பெயர் அக்ரோமோபாக்டர். ஈரமான இடம் எங்கிருந்தாலும் குடியேறிவிடுகிற ஜாதி. டாக்டரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

"தண்ணியில இருக்கிற பாக்டீரியா. பாட்டில் சுத்தம், டப்பா அழுக்கு. நான் அப்பவே சொன்னேன்ல மேடம்?"

நல்ல தர்க்கம்தான். ஆனால் லென்ஸைத் தொடும் முன் கையைக் கழுவு என்று சொன்னது நாம். கையைத் தண்ணீரில்தான் கழுவ முடியும். ஈரக்கையோடு ஒரு கிருமி டப்பாவுக்குள் போகத்தான் செய்யும். அங்கே போன கிருமியைக் கொல்லத்தானே அந்தத் திரவம்? டப்பாவுக்குள் இருந்ததும் பாட்டிலில் இருந்து ஊற்றிய அதே திரவம்தானே? கொலை செய்ய வந்தவன் வீட்டிலேயே அது குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அழுக்குக் கையால் வந்தது என்றால் சரி, ஏன் சாகவில்லை?

இந்தக் கேள்வியை நான் கேட்டதும் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நம் தொழிலில் நல்ல கேள்விக்கு முதலில் கிடைக்கும் பதில் அதுதான். பழகிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் கண் மோசமாகிக்கொண்டே போனது. மணிக்கொரு தடவை மருந்து விட்டும் சீழ் ஏறியது. கருவிழி மெலிந்தது. ஒருநாள் காலை நான் லேபுக்குள் நுழையும்போதே தியேட்டர் சிஸ்டர் சொன்னார், மதியம் அந்தக் கண்ணை எடுத்துவிடப் போகிறார்கள் என்று. கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. கிருமி உள்ளே பரவினால் ஆபத்து; எப்படியும் அது பார்வை இல்லாத கண். டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

நான் வார்டுக்குப் போனேன். முத்துமாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நல்ல கண்ணையும் மூடியிருந்தார்.

"டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொன்னாக. பாக்காத கண்ணுதானன்னாக." நல்ல கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஆனா அது வெளிச்சம் பாக்கும்மா. சமைக்கையில அந்தப் பக்கமா புள்ள ஓடுனா நெழலு தெரியும். உடனே திரும்பிருவேன். எடுத்துட்டா அதுவும் தெரியாதுல்லம்மா?"

தெரியாதுதான். பார்வைப் பட்டியலில் ஒரு வரிகூட வாசிக்க முடியாத கண்ணை நாம் பூஜ்யம் என்று எழுதுகிறோம். அந்தப் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு குழந்தையை அடுப்பில் விழாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

லேபுக்கு ஓடி வந்து, கிருமியை வளர்க்கும் பிளேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பிளேட் முழுக்கக் கிருமியைப் பூசி, மேலே பலவித மருந்தில் நனைத்த காகித வில்லைகளை வைத்திருந்தோம். எந்த வில்லையைச் சுற்றி வெறுமையான வட்டம் விழுகிறதோ அந்த மருந்து கிருமியைக் கொல்கிறது என்று பொருள். முத்துமாரியின் கண்ணில் விட்டுக்கொண்டிருந்த மருந்தின் வில்லையை ஒட்டிக் கிருமி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. வில்லையின் மேலேயே ஏறி உட்காராதது ஒன்றுதான் குறை. ஊசியாக மட்டும் வரும் வேறொரு மருந்தைச் சுற்றி வட்டம் தெரிந்தது. ஆனால் பிளேட்டைப் படிக்க விதித்த நேரம் ஆகவில்லை. சாயங்காலம்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் வட்டம் சுருங்கவும் கூடும். நேரத்துக்கு முன் அறிக்கை தரக் கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவளே நான்தான்.

சாயங்காலம் சரியான அறிக்கை கிடைக்கும். கண்தான் இருக்காது.

பிளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.

"இன்னும் ரிப்போர்ட் சைன் ஆகலையே மேடம்?"

"கிருமி சைனுக்குக் காத்திருக்கலை சார். நீங்க கொடுக்கிற மருந்து அதுக்குச் சாப்பாடு மாதிரி. பாருங்க. இந்த ஊசி மருந்தைச் சொட்டாக் கலந்து விட்டா கேக்கும்போல இருக்கு."

"போல இருக்கா? போல இருக்கேன்னு நம்பி நான் வெயிட் பண்ணி, கண்ணு ஓட்டையாகி உள்ளே பரவுச்சுன்னா?"

நியாயமான கேள்வி. தெரியவில்லை என்றே சொன்னேன். "ஆனா நாம தப்பான மருந்தைக் கொடுத்துட்டு, அது கேக்கலைன்னு கண்ணை எடுக்கிறோம். சரியான மருந்தை ஒரு நாள்கூடக் கொடுத்துப் பாக்கலை. எடுத்த கண்ணைத் திரும்ப வைக்க முடியாது. நாளைக்கு எடுக்கிறதை இன்னைக்கே எடுக்கணும்னு அவசியம் உண்டா சார்?"

அவர் பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவரை இவ்வளவு கேலி செய்கிறேன். இதையும் சொல்ல வேண்டும். தன் வாக்கியத்தைவிடப் பிளேட்டை நம்பும் மனசு அவருக்கு இருந்தது. "நாளைக் காலை வரைக்கும். மோசமானா எடுத்துடுவேன்" என்றார். உடனே மருந்தை மாற்றினார்.

மறுநாள் காலை கண் நன்றாகிவிடவில்லை. மோசமாகவும் இல்லை. மோசமாகாததே பெரிய செய்தி. அதற்கு அடுத்த நாள் சீழின் விளிம்பு சுருங்கியது. அறுவை ரத்தானது.

அதே வாரம் டாக்டருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது: பாய் விற்றது டூப்ளிகேட் சரக்கோ? ஆள் அனுப்பிக் கேட்டதும் நூருதீன் பாய் கடையை மகனிடம் விட்டுவிட்டு, பிரிக்காத பாட்டில்கள் நிறைந்த அட்டைப்பெட்டியோடு நேரே லேபுக்கே வந்துவிட்டார்.

"என்ன மேடம் இது, டூப்ளிகேட்டு விக்கிற மூஞ்சியா எனக்கு? இந்தா சீல் ஒடைக்காத பாட்டிலு. எதை வேணாலும் எடுங்க. தப்பு இருந்தா என் கடைக்கு நீங்களே பூட்டுப் போடுங்க. இல்லைன்னா அந்த டாக்டரு வந்து என்கிட்ட ஒரு டீ குடிச்சிட்டுப் போகணும்."

அவரே கம்பெனிக்கும் போன் போட்டு, அதன் பிரதிநிதியை வரவழைத்தார். பிரதிநிதி இளைஞர். சட்டை கசங்காமல், லேப்டாப்போடு வந்தார். திரையில் கிருமிகள் வரிசையாகச் சாகும் படம் காட்டினார். கம்பெனி பரிசோதித்த கிருமிகள் எல்லாம் நல்ல பிள்ளைகள். ஆய்வகத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, விஷத்தைக் கண்டதும் ஒழுங்காகச் செத்துக் காட்டும். வரப்போகும் கேள்விகளை முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்திய பரீட்சை.

பாயின் சீல் உடைக்காத பாட்டிலைப் பிரதிநிதியின் கையாலேயே திறக்கச் சொன்னேன். ஒரு சோதனைக் குழாயில் அந்தத் திரவத்தோடு நல்ல பிள்ளை. இன்னொன்றில் முத்துமாரியின் கிருமி. இரண்டையும் ஸ்டிக்கர் சொல்கிறபடி ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் பிளேட்டில் பூசினோம். அது வளர்ந்ததும் பிரதிநிதியையும் பாயையும் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல பிள்ளையின் பிளேட் துடைத்ததுபோல வெறுமையாக இருந்தது. முத்துமாரியின் கிருமி ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல வளர்ந்திருந்தது.

ஒரு சின்ன லேபில் செய்த ஒரே சோதனை. உலகத்துக்கு இது நிரூபணம் ஆகாது; எனக்கும் தெரியும். ஆனால் இப்படி நடக்க முடியும் என்பது நம் துறையில் புதிதில்லை. டப்பாவின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பான படலம் படிகிறது. திரவம் அதற்குள் முழுசாக இறங்குவதில்லை. அரைகுறை விஷத்தைத் தினமும் குடித்துப் பிழைத்த கிருமிகளில் சில, விஷத்தை வெளியே தள்ளும் பம்பு ஒன்றைத் தேற்றிக்கொள்கின்றன. சில சமயம் அதே பம்பு நாம் கொடுக்கும் மருந்தையும் வெளியே தள்ளிவிடும். டப்பாவில் பழகிய பாடத்தைக் கண்ணுக்குள் வந்து ஒப்பிக்கிறது. முத்துமாரியின் கண்ணில் அதுதான் நடந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நடந்திருக்கலாம்.

பிரதிநிதி அசரவில்லை. "மேடம், அவங்க லென்ஸைத் தேய்ச்சுக் கழுவியிருக்கணும். டப்பாவையும் தேய்ச்சு, துடைச்சு, காய வச்சிருக்கணும். தேய்க்கலைன்னா எந்த சொல்யூஷனும் வேலை செய்யாது. இது பேஷண்ட் சைடு தப்பு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, தம்பி சொன்னதைத் தம்பியையே மறுபடி சொல்லச் சொன்னேன். பேச்சியம்மாள் பாட்டிலைக் கையில் எடுத்தார். தமிழ் ஸ்டிக்கர் மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தார்.

"தேய்க்கத் தேவையில்லை. அப்படித்தான எழுதியிருக்கீக? படிச்ச புள்ளதான நீங்க? தேய்க்க வேண்டாம்னு நீங்களே படம் போட்டு விப்பீக. கண்ணு போச்சுன்னா தேய்க்கலைன்னு நீங்களே ஏசுவீக. இது எந்த ஊரு நியாயம்?"

"உள்ளே லீஃப்லெட்ல தெளிவா இருக்கும்மா. தேய்ப்பது பரிந்துரைக்கப்படுகிறதுன்னு…"

"எதுல?"

அவர் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். தீப்பெட்டி அளவுக்கு மடித்த தாள். விரித்தால் மேசையை மூடும். எல்லாம் ஆங்கிலம், கடுகு கடுகாக எழுத்து.

"ஆத்தாடி, இதையா!" என்றார் பேச்சியம்மாள். "பாட்டிலு ஆடாம இருக்கட்டும்னு வச்ச தாளுன்னுல்ல நெனச்சோம்!"

பாய் சிரித்ததில் அவருடைய மூக்குக்கண்ணாடியே கழன்று விழுந்தது. பிரதிநிதி லேப்டாப்பை மூடினார். மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார். தெரிவித்தும் இருக்கிறார்: கொஞ்ச காலம் கழித்துப் புது பாட்டில் வந்தது. சிரிக்கும் பெண்ணை மாற்றியிருந்தார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியும் சும்மா இருக்கவில்லை. 'நோயாளிகளே, கை சுத்தம் கண் சுத்தம்' என்று ஒரு பெரிய போர்டு வைத்தது. டாக்டர் பாயின் கடைக்குப் போய் டீ குடித்தார். தன் குறிப்பில் இருந்த அந்த வாக்கியத்தை அவர் அடிக்கவில்லை. நடுவில் 'இருக்கலாம்' என்ற பொருளில் ஒரு சொல்லைச் செருகினார். ஒரு டாக்டரிடமிருந்து வரக்கூடியவற்றில் மன்னிப்புக்கு மிகவும் பக்கத்துச் சொல் அது. கிடைத்தால் மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். பாய் மட்டும் இன்னும் ஒவ்வொரு பாட்டிலிலும் அந்த ஸ்டிக்கரை நகத்தால் கிழித்துவிட்டு, "நல்லாத் தேய்ங்கம்மா, டப்பாவ கவுத்திக் காய வைங்க, பழைய தண்ணி மேல புதுத் தண்ணி ஊத்தாதீங்க" என்று ஓதித்தான் விற்கிறார். நாம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஆகவே அந்த வாக்கியத்தை எழுதக் கை நீளும்போது, உங்களுக்கு நீங்களே இரண்டு கேள்வி கேளுங்கள். எதை ஃபாலோ பண்ணச் சொன்னோம்? அதைச் சரியாகச் செய்திருந்தால் கண் தப்பித்திருக்குமா? இரண்டாவதற்குப் பதில் தெரியாவிட்டால் பேனாவை மூடிவிடுங்கள்.

முத்துமாரியின் கண் தங்கியது. தழும்பு இன்னும் பெரிதானது. வெளிச்சமும் நிழலும் தெரிந்தன. அடுத்த தீபாவளி சீசனில் பரிசோதனைக்கு வந்தபோது, கண் ஆறிவிட்டது, இனி வேறு லென்ஸ் ஒன்று ஜாக்கிரதையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரே சொன்னார். முத்துமாரி வேண்டாம் என்றுவிட்டார். லேபில் என்னைப் பார்க்க வந்தார். பட்டாசுக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம் சேவு கொண்டுவந்திருந்தார். நகத்தில் வெள்ளி மின்னியது.

"வேலைக்கு எடுத்துக்கிட்டாகளா?" என்று கேட்டேன்.

"நானாப் போயி என் எடத்துல உக்காந்துட்டேன்மா. போர்மேன் வந்து, 'உன் கண்ணப் பாத்தா மத்த பொம்பளைக பயப்படுதாக, கையி நடுங்குதுங்காக, எந்திரி'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பயப்படட்டும், பயந்தாத்தான் கையி சூதானமா இருக்கும்னேன். பொறவு எங்க மதினி எந்திரிச்சு, 'எங்க எல்லாருக்கும் கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி குடுங்க, குடுத்தாத்தான் மருந்தத் தொடுவோம்'னு சொல்லிட்டா."

"குடுத்தாகளா?"

"சீசன் நேரம்லம்மா," என்றார் முத்துமாரி. "லோடு நிக்கிதுல்ல. மத்தியானத்துக்குள்ள வந்துருச்சு."